சேவைக் கட்டணமா, கையில் டிப்ஸா?

சுற்றுலா போன ஊரில் சாப்பிட்டு முடித்ததும் வரும் பில்லின் அடியில், சில உணவகங்கள் 5 அல்லது 10 சதவீதம் சேவைக் கட்டணம் என்று சேர்த்திருக்கும். பலர் அதையும் வரி என்று நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். அரசுக்குப் போவது ஜிஎஸ்டி. சேவைக் கட்டணம் முதலில் சேர்வது முதலாளியின் கல்லாவில். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நீக்கச் சொல்லலாம், மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

சமையல்காரருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் சேவைக் கட்டணத்தில் பங்கு உண்டு என்பார்கள். இருந்தால் நல்லதுதான். நாம் எப்படிச் சரிபார்ப்பது?

கையில் கொடுப்பதில் அந்தச் சந்தேகம் இல்லை. ஆனால் கண்ணில் படுபவருக்கே கிடைக்கும். தங்கும் விடுதியில் பெட்டி தூக்கியவருக்கு ஐம்பது ரூபாய். நாம் ஊர் சுற்றப் போயிருந்தபோது கழிவறையைத் தேய்த்த பெண்ணுக்கு ஒன்றுமில்லை. அறையில் வெறுமனே பணத்தை விட்டுவந்தாலும், விருந்தினர் மறந்துவிட்டதோ என்று எடுக்கத் தயங்குவார்கள். 'இது உங்களுக்கு' என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைப்பது நல்லது. (ஓட்டுநர் பேட்டா வேறு கணக்கு, அது பேசிய கூலி, அன்பளிப்பல்ல.)

என் ஓட்டு கையில் கொடுப்பதற்கே. விடுதியில் ஊழியர் அனைவருக்குமான டிப்ஸ் பெட்டி இருந்தால் பாதியை அதில் போடுவேன்.