மின்னேரியா யானைக் கூட்டம்: கொழும்பிலிருந்து ஒருநாள் பயணச் சேவை

வெள்ளவத்தையில் காலை 6 மணிக்கு ஏற்றுகிறார்கள். மின்னேரியா தேசிய பூங்காவுக்கு அருகிலுள்ள ஹபரணை நகருக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். வான் சுத்தம், ஏசியும் பரவாயில்லை. பிழை நேரக்கணக்கில்தான்: சிகிரியாவையும் அதே நாளில் செருகுவதால் ஜீப் பூங்காவுக்குள் போகவே நாலரை ஆகிறது. 6 மணிக்கு வெளியேற வேண்டும். வெயில் தணிந்து யானைகள் காட்டைவிட்டு இறங்கும் நேரமோ மூன்று மணியிலிருந்து.

அவை வருவது தண்ணீருக்கு மட்டுமல்ல, புல்லுக்கு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மின்னேரியாக் குளம் வற்ற, சேற்றில் இளம்புல் முளைக்கும். முன்காலால் உதைத்துப் பெயர்த்து, காலிலேயே அடித்து மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் வைக்கும். எஞ்சினை நிறுத்தினால் அந்தச் சத்தமே கேட்கும். இவர்களுடைய சாரதி நிறுத்தவில்லை.

மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து நீர் திறந்தால் புல் மூழ்கிவிடும், கூட்டம் அயல் பூங்காக்களான கவுடுல்லைப் பக்கமோ ஹுருலுப் பக்கமோ ஒதுங்கும். அன்று காலை ஜீப்காரரிடம் விசாரித்தே பூங்காவைத் தீர்மானிக்க வேண்டும். இவர்களிடம் அந்த வழக்கம் இல்லை.

கட்டணத்தில் ஜீப்பும் நுழைவுச்சீட்டும் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். கனடாச் சொந்தங்கள் கூட வந்தால் அவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம், பல மடங்கு. சிகிரியாவை வெட்டச் சம்மதித்தால் மட்டும் பதியலாம்.