வின்செஸ்டர் சோடி: கார்பைன் வடிவு, கேரண்ட் சுமார்

பழைய செமி ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு வெடிக்கும் அடுத்த ரவை தானே ஏறும்) துவக்குகளை அசலாகவே வாங்கிச் சேர்ப்பதெல்லாம் அமெரிக்காக்காரருக்குச் சரி. மட்டக்களப்பில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசன்ஸ் எடுத்து வைத்திருக்கும் ஷாட்கன்னைத் தாண்டி எதையும் யோசிக்க ஏலாது, முழு அளவுப் பொம்மைத் துவக்கை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வாறவர் போறவருக்கெல்லாம் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமையும் இல்லை. அதனால் ஆறில் ஒரு பங்கு மாடல்கள்தான் நம்ம பக்கம்.

இந்தமுறை இணையத்தில் எடுப்பித்தது வின்செஸ்டர் என்ற அமெரிக்கத் துவக்குக் கொம்பனியின் இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோடி: எம்1 கார்பைன் (நீளமும் பாரமும் குறைந்த றைபிள்) ஒன்று, எம்1 கேரண்ட் றைபிள் ஒன்று. சேகரிப்பவர்களுக்கு இந்தச் சோடியில் ஒரு பைத்தியம் உண்டு. கார்பைன் 60 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது, செய்த கொம்பனிகளில் டைப்ரைட்டர் விற்ற அண்டர்வுட், ஜூக்பாக்ஸ் விற்ற ராக்-ஓலா, ஏன், ஐபிஎம்கூட இருக்கிறது. ஆனால் கேரண்டைப் போர் முடியும்வரை அமெரிக்காவில் செய்தது ஸ்பிரிங்ஃபீல்ட் அரச ஆயுதசாலையும் வின்செஸ்டரும் மட்டும். இரண்டிலும் ஒரே பெயர் பொறித்திருக்க வேண்டுமென்றால் வின்செஸ்டரை விட்டால் வேறு வழியில்லை.

கார்பைன் உண்மையிலேயே வடிவு. அசல் 90 சென்டிமீற்றர், இது 15, அடிமட்டம் வைத்துப் பார்த்தேன், சரி. 15 ரவை மகசின் கழன்று வருகிறது, போல்ட் பின்னால் இழுபடுகிறது. அசலில் பின்கட்டையில் ஒரு வெட்டு இருக்கும், அதற்குள் எண்ணெய்க் குழாயைச் செருகித்தான் தோள்வாரைப் பிடித்து வைப்பார்கள். ஒரு நெல்மணி அளவுகூட வராத அந்தக் குழாயையும் தனியாகச் செய்து போட்டிருக்கிறார்கள், அதைக் கழற்றிப் பூட்டுவதிலேயே எனக்குப் பொழுது போகிறது. ஒரு குறை: பின் குறிகாட்டி (குறி பார்க்கும் துண்டு) ஆரம்பகாலத்து மடக்கு வகை, முன்னால் பயனெட் கத்தி மாட்டும் பிடியோ போரின் கடைசியில் வந்தது. அசலிலும் போருக்குப் பிறகு பட்டறையில் பிரித்துப் பூட்டியதில் இப்படிப் பாகம் கலந்தவை ஏராளம், அதைச் சொல்லி விற்றால் பிரச்சினையில்லை. பெட்டியில் 1943 என்று அச்சடித்துவிட்டு இப்படிச் செய்தால்?

கேரண்டுக்கு வருவோம். அசல் 110 சென்டிமீற்றர், அப்படியென்றால் மாடல் 18க்கு மேல் வரவேண்டும், வந்தது 17தான். தனியாக வைத்தால் தெரியாது, கார்பைனுக்குப் பக்கத்தில் வைத்தால் உடனே கண்ணில் குத்துகிறது, சோடி என்று விற்கும் சாமானில் இது பெரிய பிழை. கட்டையின் நிறமும் ஒத்துவரவில்லை: கார்பைன் வால்நட் பழுப்பு, இது சிவப்பு. எல்லாவற்றிலும் மோசம், எட்டு ரவையையும் சேர்த்துப் பிடிக்கும் தகட்டுக் கிளிப் உள்ளேயே ஒட்டிக் கிடக்கிறது. எட்டாவது ரவை போனதும் வெற்றுக் கிளிப் துள்ளி வெளியே விழுவதுதான் கேரண்டின் அடையாளமே, குறைந்தது கையால் எடுக்கவாவது விட்டிருக்கலாம்.

பொதி பண்ணியது நல்லம், ஒன்றும் உடையவில்லை. விலை, தபால் செலவோடு பார்த்தால் கூடத்தான். கல்லடிப் பக்கம் கடற்கரையோரம் இருப்பவர்கள் வாங்கினால் கண்ணாடி அலுமாரிக்குள் சிலிக்கா பொதியோடு வையுங்கள், உடம்பு நாக (சிங்க்) உலோகம், அது இரும்பு மாதிரித் துருப்பிடிக்காது, ஆனால் ஆணிகள் இரும்பு, உப்புக்காற்றில் இப்பவே துரு தட்டத் தொடங்கிவிட்டது.

சோடியாக வாங்காதீர்கள். கார்பைனை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன், தந்தால் தம்பிக்கும் ஒன்று எடுப்பேன்.