ரிவெட்டுத் தலையில் குழி இருக்கிறதா என்று பாருங்கள்

ஒஹாயோவில் ஒரு சிறிய விமானத் தளத்தில் நானும் நண்பரும் சேர்ந்து 1946-ஆம் ஆண்டு செஸ்னா 140 ஒன்றை வைத்திருக்கிறோம். இருவர் அமரலாம், இறக்கையில் துணி, வாலில் அலுமினியம். சென்ற கோடையில் பறக்கும் முன் எலிவேட்டரை, அதாவது விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை, கையால் ஆட்டிப் பார்த்தபோது இடப்பக்கக் கீலில் "டக்" என்று ஓர் ஓசை. கீலைத் தாங்கும் தகட்டில், தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டின் துளையிலிருந்து நகக்கண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது.

பக்கத்து ஹேங்கர் (விமானக் கொட்டகை) மெக்கானிக் பேச்சில் தேன். "ஒரு நாள் வேலை, உள்ளே இன்னொரு தகடு வைத்து இறுக்கிவிடுகிறேன்" என்றார். 1,400 டாலர். பத்து நாள் கழித்துப் போனால் வால் பளபளவென்றிருந்தது. பெயின்டுக்குத் தனிக் காசு வாங்கவில்லை என்று அவரைப் புகழ்ந்து வேறு தொலைத்தேன்! லாக்புக்கில் ஒரே வரி: கீல் தகடு வலுவூட்டப்பட்டது.

ஆண்டுச் சோதனைக்கு வேறொருவரிடம் விட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "படிவம் 337 எங்கே?" வாலின் கட்டமைப்பை வலுவூட்டுவது அமெரிக்க விதிப்படி பெரிய பழுதுபார்ப்பு. ஆய்வு அதிகாரம் பெற்றவர் பார்த்து அந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஒரு பிரதி உரிமையாளருக்கு; இன்னொன்று, விமானம் பறக்கத் தகுதி என்று ஒப்புதலான 48 மணி நேரத்துக்குள் ஓக்லஹோமா நகரத்திலுள்ள அரசு விமானத் துறை (FAA) அலுவலகத்துக்குப் போக வேண்டும். எங்களிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை.

பிறகு கரைப்பான் நனைத்த துணியால் பெயின்டைத் துடைத்தார். இந்த வேலைக்கு உரியது ஏ.டி. என்ற வகை ரிவெட்; அதன் தலை நடுவில் ஊசியால் அழுத்தியது போல ஒரு சின்னக் குழி இருக்கும். 2117 என்ற உறுதியான அலுமினியக் கலவை என்பதற்கு அடையாளம் அது. எங்கள் ஆறு ரிவெட்டில் நான்கு வழுவழு மொட்டைத் தலை, அதாவது ஏறக்குறையச் சுத்த அலுமினியம், மென்மையானது. மற்ற இரண்டும் வீட்டுக் கூரையில் மழைநீர்க் குழாய் மாட்டும் பாப் ரிவெட், நடுவில் ஓட்டையோடு. அவற்றில் ஒன்று தகட்டின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது. துளையின் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே ரிவெட் விட்டத்தைப் போல இருமடங்காவது வேண்டும். 1/8 அங்குல ரிவெட்டுக்குக் கால் அங்குலம். இங்கே அதில் பாதிகூட இல்லை. தகட்டைப் பெயர்த்தால் அடியில் பழைய விரிசல், முன்பைவிட இருமடங்கு நீளமாக. துருத் தடுப்புப் பூச்சு தடவியதற்கான சுவடே இல்லை.

அந்த வாலோடு பதினொரு மணி நேரம் பறந்திருக்கிறோம். அதில் இரண்டு மணி நேரம் நண்பரின் மகள் பக்கத்து இருக்கையில்.

தொலைபேசியில் மெக்கானிக் சொன்னது: "பறந்ததல்லவா, பிறகென்ன?" பணம் வரவில்லை. விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் முதல் பொறுப்பு உரிமையாளருடையது என்பது சட்டம். பெயின்ட் அடிக்கும் முன் என்னைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாதது என் தவறு. இம்முறை புதியவர் ரிவெட் அடித்த கையோடு, பூச்சு இல்லாத நிலையில் படம் அனுப்பினார். ஆறு தலை, ஆறு குழி. எண்ணிப் பார்த்தேன்.

பெயர்த்த தகடு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்த ஹேங்கரில் விமானத்தை விடப்போகிறவர் யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுகிறேன்.