பச்சைப் பூஜ்யத்தைக் காட்டி 640 டாலரைச் சுருட்டிவிட்டார்கள்

முந்தாநாள் இரவு படுக்கப் போகும்போது என் கணக்கில் 640 டாலர் இருந்தது. நேற்றுக் காலை எழுந்து பார்த்தால் ஒன்றுமில்லை. முதலில் 400, நான்கு நிமிடம் கழித்து 240. துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மாதம் கண் விழித்து வீடியோ எடிட் செய்த கூலி அது. ஓடிபி எதுவும் வரவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல் மட்டும் வந்திருக்கிறது. அதையும் அவர்களே திறந்து அழித்திருக்கிறார்கள், குப்பைப் பெட்டியில் கிடந்தது.

கிராக் வெர்ஷன் இறக்கி மாட்டிக்கொண்டான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காசு கொடுத்துத்தான் வாங்கினேன். ஒரு மெமரி கார்டு படிக்காமல் போய்விட்டது, அதில் இருந்ததை மறுநாள் மாலைக்குள் ஒப்படைத்தாக வேண்டும். அழிந்த கோப்புகளை மீட்கும் ஒரு பெயர் பெற்ற மென்பொருளைத் தேடினேன். தேடலின் உச்சியில் விளம்பரமாக வந்தது, லைசென்ஸ் சாவிகளைத் தள்ளுபடியில் விற்கும் ஓர் இணையக் கடை. பெயர் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரிக் கடைகள் வாரத்துக்கு ஒரு பெயர் மாற்றும், வகையைத் தெரிந்துகொண்டால் போதும். தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளம் இரண்டு வரி கீழேயே இருந்தது. அவசரத்தில் கண் அங்கே போகவில்லை.

பணம் கட்டியதும் ஒரு ஜிப் கோப்பு வந்தது. 11 எம்பி. திறக்க பாஸ்வேர்டு 1234. எதற்கு பாஸ்வேர்டு என்று சாட்டில் கேட்டேன். “இறங்கும்போது கோப்பு கெட்டுப்போகாமல் இருக்க சார்” என்றார்கள். பூட்டிய ஜிப்பின் உள்ளே ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். இரவு 10 மணிக்கு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

விரித்துப் பார்த்தால் எக்ஸ்இ கோப்பு, அதாவது அழுத்தினால் ஓடும் நிரல், 712 எம்பி! 11 எம்பி ஜிப்புக்குள் 712 எம்பி எப்படி அடங்கும் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

இப்போது நம்பிய கதைக்கு வருகிறேன். ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்தேன். டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவல் இருந்தது, கோப்பை வெளியிட்டவர் போடும் மின் கையொப்பத்தைக் காட்டும் இடம். உள்ளே தயாரித்த நிறுவனத்தின் பெயர், எழுத்துப் பிழைகூட இல்லாமல். மனசு பாதி அங்கேயே அடங்கிவிட்டது. மீதிப் பாதிக்கு, ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களில் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்ப்போம் என்று போனேன். ஏறவில்லை. அங்கே 650 எம்பிதான் வரம்பு.

மறுபடி சாட். “எங்கள் கோப்பு கொஞ்சம் பெரியது சார், எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வரும். நாங்களே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம், பாருங்கள்” என்று ஒரு இணைப்பு வந்தது. அழுத்தினேன். போலித் தளம் இல்லை, அசல் வைரஸ்டோட்டல்தான். முகவரியைக்கூட எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். பச்சை வட்டத்துக்குள் ஒரு பூஜ்யம். எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ் எஞ்சின்களில் ஒன்றுகூடக் குறை சொல்லவில்லை. செல்லுபடியாகும் கையொப்பம் உண்டு என்றும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தப் பச்சைப் பூஜ்யத்தின் விலைதான் 640 டாலர்.

அப்புறம் அவர்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். லைசென்ஸ் ஆக்டிவேட் ஆக விடாமல் தடுக்கும், பத்து நிமிடம் ஆன்டிவைரஸை அணைத்து வையுங்கள் என்றார்கள். அணைத்தேன். விண்டோஸின் நீல நிறத் தடுப்புத் திரை வரவேயில்லை. இணையத்தில் இருந்து வந்தது என்று கோப்பின் மேல் இருக்கும் அடையாளத்தைப் பார்த்துத்தான் அந்தத் திரை வரும். நான் ஜிப்பை விரிக்க வைத்திருந்த பழைய செவன்-ஜிப், விரித்த கோப்புக்கு அந்த அடையாளத்தைக் கடத்தாது. அதில் இந்த வசதி 2022-இல், 22.00 பதிப்பில்தான் வந்தது. கடைசியாக அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்தது. மஞ்சள் பட்டை, வெளியிட்டவர் யார் என்று தெரியவில்லை என்ற வரி. கையொப்பம் சரியாக இருந்தால் அந்தப் பட்டை நீலமாக இருக்கும், நிறுவனத்தின் பெயரும் வரும். மஞ்சளைப் பார்த்துக்கொண்டே ‘யெஸ்’ அழுத்தினேன். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மென்பொருள் திறந்தது, ஏதோ ஓடியது, “பிழை, மறுபடி முயலவும்” என்று மூடிக்கொண்டது. பாஸ்வேர்டை யாரும் உடைக்கவில்லை. பிரவுசரில் நாம் ஒரு கணக்கில் நுழைந்திருப்பதைக் காட்டும் குக்கீகளை அள்ளிக்கொண்டு போய்விட்டால் போதும். கணக்கைப் பொறுத்தவரை அது நான்தான், ஏற்கெனவே உள்ளே வந்தவன். அவனிடம் ஓடிபி ஏன் கேட்கும்?

நேற்று இந்தத் துறையில் இருக்கும் ஒரு நண்பரைக் கூப்பிட்டேன். முதலில் நெட்டைப் பிடுங்கச் சொன்னார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: “அந்த ரிப்போர்ட் உங்க கோப்போடதுதானா?”

எனக்குப் புரியவில்லை. வைரஸ்டோட்டல் அறிக்கையின் முகவரியிலேயே 64 எழுத்துகளில் நீளமாக ஒன்று இருக்கும். ஸ்கேன் செய்த கோப்பின் ஷா-256 ஹேஷ் அது, கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் ஹேஷ் மொத்தமாக மாறிவிடும். விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையால் என் கோப்பின் ஹேஷை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அறிக்கையில் இருந்தது 83 என்று தொடங்கியது, என்னுடையது 2 என்று. முதல் எழுத்திலேயே வேறு! அவர்கள் அனுப்பியது அசல் நிறுவனத்தின் அசல் கோப்புக்கான அறிக்கை. அறிக்கை உண்மை, பூஜ்யம் உண்மை, கோப்புதான் வேறு. யாருடைய ரத்தப் பரிசோதனைத் தாளையோ என் கையில் கொடுத்து, உங்களுக்கு ஒன்றுமில்லை போங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

கையொப்பத்துக்கும் இதே கதைதான். தாவலில் இருக்கும் பெயரைத் தேர்ந்தெடுத்து டீடெய்ல்ஸை அழுத்தினால்தான் விண்டோஸ் தன் தீர்ப்பைச் சொல்லும். அழுத்தினேன். கையொப்பம் செல்லாது என்று வந்தது. இன்னொரு கோப்பில் இருந்து கையொப்பத்தைப் பெயர்த்து இதில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டினால் பெயர் தெரியும், கையொப்பம் மட்டும் கோப்போடு பொருந்தாது. 712 எம்பியில் பெரும்பகுதி வெறும் பூஜ்யங்கள். ஸ்கேன் வரம்பைத் தாண்டுவதற்காகவே ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள், அதனால்தான் ஜிப்பில் 11 எம்பியாகச் சுருங்கியது. நண்பர் தன்னிடம் இருந்த தனிக் கணினியில் அந்தப் பூஜ்யங்களை வெட்டிவிட்டு மிச்சத்தை ஏற்றினார். 31 எஞ்சின்கள் சிவப்பு.

இதையெல்லாம் படம் எடுத்துக் கடையின் சாட்டில் போட்டேன். முதலில், “தொழில்நுட்பக் குழுவிடம் சொல்கிறோம் சார்.” இரண்டு மணி நேரம் கழித்து, “ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் லைசென்ஸை உள்ளே வைத்துக் கோப்பு தயாராகிறது சார், அதனால் ஹேஷ் மாறத்தான் செய்யும்.” அப்படியென்றால் வேறு ஹேஷ் உள்ள அறிக்கையை எதற்கு என்னிடம் காட்டினீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்து, “உங்கள் கணினியில் திருட்டு மென்பொருள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?” எப்படி இருக்கிறது பாருங்கள். 640 டாலர் போனது எனக்கு, விசாரணையும் எனக்கு! கடைசியில் என் புகாரைத் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டார்கள்.

பணம் வைத்திருந்த இடத்திலும் ஆறுதல் இல்லை. “உங்கள் சொந்த லாகினில் இருந்துதான் அனுப்பப்பட்டிருக்கிறது, எனவே அனுமதியற்ற பரிமாற்றமாகக் கருத முடியாது.” மூன்று தடவை மேல்முறையீடு செய்தேன். மூன்று தடவையும் அதே வரி, காற்புள்ளி உட்பட.

கடைக்காரன் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னொரு வாக்கியம்: “கையொப்பம் இருந்தாலே பாதுகாப்பு சார்.” இதுவும் பொய்தான். சரியான கையொப்பம், கோப்பு யாரிடம் இருந்து வந்தது, வழியில் மாறியதா என்பதை மட்டும் சொல்லும். நல்லதா கெட்டதா என்று சொல்லாது. 2010-இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சு நிரலின் டிரைவர் கோப்புகளில் ரியல்டெக், ஜேமைக்ரான் நிறுவனங்களின் திருடப்பட்ட சான்றிதழால் போட்ட கையொப்பம் இருந்தது. 2017-இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு சொந்த நிறுவனத்தின் செல்லுபடியாகும் கையொப்பத்தோடேயே நச்சைச் சுமந்து வெளியானது, 20 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்குப் போனது. என் கோப்பில் அந்தச் செல்லுபடியாகும் கையொப்பம்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தை அழுத்தாதீர்கள், தயாரித்தவரின் தளத்துக்கே போங்கள். அடுத்தவர் நீட்டும் ஸ்கேன் அறிக்கை வேண்டாம், உங்கள் கோப்பின் ஹேஷை நீங்களே எடுத்து வைரஸ்டோட்டலில் தேடுங்கள். தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் சுத்தம் என்று அர்த்தமில்லை, யாரும் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். கையொப்பத்தில் டீடெய்ல்ஸை அழுத்துங்கள். ஆன்டிவைரஸை அணை என்று எவன் சொன்னாலும் சாட்டை மூடுங்கள். மாட்டிக்கொண்டால் பாஸ்வேர்டை வேறு கணினியில் இருந்து மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களில் இருந்தும் லாக் அவுட் கொடுங்கள், பழைய கணினியை அழித்து விண்டோஸ் புதிதாகப் போடுங்கள்.

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நண்பரின் லேப்டாப்பில் உட்கார்ந்து அடிக்கிறேன். இன்னும் பதினோரு கணக்குக்குப் பாஸ்வேர்டு மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த மெமரி கார்டும் இன்னும் படிக்கவில்லை.