மெர்சிடிஸ் 280எஸ்எல் 'பகோடா': பல வருடம் வைத்து ஓட்டினால் தெரிய வருபவை

பகோடா வாங்குபவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது வண்டிக்கு அடியில். எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுவிடலாம். துரு வேலைக்குப் போட முடியாது. பெயின்டை உரித்த பிறகுதான் அதன் முழு அளவே தெரியும்.

1963 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் இந்தத் திறந்த கார் வரிசையின் முதல் வண்டியான 230எஸ்எல் அறிமுகமானது. உருவம் மெர்சிடிஸ் வடிவமைப்பாளர் பால் பிராக் வரைந்தது. ஹார்டாப்பின் (கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை) இரு ஓரமும் உயர்ந்து நடுப்பகுதி தாழ்ந்து, கிழக்காசியக் கோயில் கூரை போல இருப்பதால் 'பகோடா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது (டீக்கடைப் பக்கோடாவுக்குப் பங்கில்லை). பிறகு 250, கடைசியாக 2778 சிசி, 170 குதிரைத்திறன் கொண்ட 280. 1971 வரை மூன்றும் சேர்த்து 48,912 வண்டிகள். 230-க்குப் பின்பக்கம் டிரம் பிரேக். 250 முதல் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க். தினசரி ஓட்டத்துக்கு 280-தான் வசதி.

கதவு, பானெட், டிக்கி மூடி, சாஃப்ட் டாப் (மடக்கும் துணிக் கூரை) மூடி நான்கும் அலுமினியம், மற்றதெல்லாம் இரும்பு. ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே இருக்கும் சில், சக்கர வளைவு, ஹெட்லைட் ஓரம் என்று நகர்த்துங்கள். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் காந்தம் நழுவினால் உள்ளே பட்டிதான். பானெட்டைத் திறந்தால் முன் ஃபெண்டரின் உள்விளிம்பில் ஸ்பாட் வெல்டிங் குழிகள் வரிசையாகத் தெரிய வேண்டும். வழவழவென்று இருந்தால் அடிபட்டு டிங்கர் வேலை பார்த்த வண்டி. ஹெட்லைட்டுக்குப் பின்புறம், டிக்கி தரை, ஜாக்கி வைக்கும் இடம், பின் சேஸி மேலேறும் வளைவு ஆகியவற்றில் சேறு தங்கித் துரு பிடிக்கும்.

சில் வெட்டும்போது நடக்கும் தவறுதான் அதிகம் வலிக்கும். மேலே நிரந்தரக் கூரை இல்லாததால் பாடியின் பலமே சில்லில்தான். அதை வெட்டினால் நடுப்பகுதி சில மில்லிமீட்டர் தொய்ந்துவிடும். அப்படியே புது சில்லை வெல்ட் செய்தால் கதவின் மேல் இடைவெளி குறுகி, எத்தனை ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்டாலும் கதவு சரியாக அடையாது. கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்துக் கட்டி, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் வெட்ட வேண்டும். கதவை மாட்டி இடைவெளி பார்த்து, அதன் பிறகே முழு வெல்டிங்.

அடுத்து, எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து செலுத்தும் பாஷ் இன்ஜெக்‌ஷன் பம்பு. கரும்புகை வந்தாலே இதன் மேல் பழி போடுகிறார்கள். பெரும்பாலும் பம்பின் மேல் உள்ள வார்ம்-அப் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டு, எஞ்சின் சூடான பிறகும் அதிகப் பெட்ரோல் விடுவதே காரணம். கவனிக்காமல் ஓட்டினால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரிந்துவிடும். சரிபார்க்க வேண்டிய வரிசை இதுதான்: வால்வ் இடைவெளி, இக்னிஷன், பெட்ரோல் ஃபில்டர், ஆக்ஸிலரேட்டர் கம்பிகளின் நீளம், தெர்மோஸ்டாட். பம்பின் திருகில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். நெடுநாள் நின்ற வண்டி என்றால் டேங்கைக் கழற்றிக் கழுவாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது; உள்ளிருக்கும் துருத்தூள் நேராகப் பம்புக்குத்தான் போகும்.

பிரேக் ஹோஸ் வெளியே பார்க்க நல்ல நிலையில் இருக்கும், உள்ளே ரப்பர் வீங்கியிருக்கும். பெடலை விட்ட பிறகும் காலிப்பர் டிஸ்க்கைப் பிடித்தபடி இருந்தால் முதலில் ஹோஸை மாற்றுங்கள். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையிலிருந்து தூக்கியிருக்கட்டும். பாரம் இருந்தால் தேய்கிற பக்கத்துக்குக் கிரீஸ் போய்ச் சேராது.

ஆட்டோமேட்டிக் கியர் புதியவர்களைப் பயமுறுத்தும். சாதாரணமாக இரண்டாவது கியரில் கிளம்பும். மாறும்போது ஒரு தட்டு தட்டும். இரண்டும் கோளாறு இல்லை. ஹைவேயில் எஞ்சின் சத்தம் கூடுதல்தான், ரேடியோவை மறந்துவிடலாம்.

ஹார்டாப்பை இறக்க இரண்டு பேர் வேண்டும். சாஃப்ட் டாப்பை ஈரத்தோடு மடித்து மூடிவிட்டால் பூஞ்சை பிடித்து, முன் சட்டத்தின் மரமும் உளுத்துப்போகும். மடிக்கும் முன் பின் ஜன்னல் பிளாஸ்டிக்கின் மேல் ஒரு துண்டை விரியுங்கள். இல்லாவிட்டால் மடிப்புக் கோடு நிரந்தரமாக விழுந்துவிடும்.