முழு உதவித்தொகையா, பாதிப் பணமா, நாமே முகாம் போடுவதா?

நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். தொழிலாளர் சங்கம், பெண்கள் குழு, இளைஞர் மன்றம் என்று ஏதோ ஓர் இடத்தில் பொறுப்பெடுத்து மேலே வந்துகொண்டிருப்பவர்களைத் தலைமைப் பயிற்சிக்கு அனுப்புவதுதான் வேலை. நல்ல பயிற்சிகளெல்லாம் தங்கிப் படிக்கிறவை. கட்டணமும் அதிகம். எங்கள் கையில் சேர்வதோ கொஞ்சம். அதை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று மூன்று ஆண்டுகளாகப் பேசிப் பேசி, ஒவ்வோர் ஆண்டும் ஒரு வழியை முயன்று பார்த்தோம். இதே கேள்வியோடு இருக்கும் மற்றக் குழுக்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறைவான பேருக்குக் கொடுங்கள், முழுச் செலவையும் கொடுங்கள்.

கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்குவது என்ற யோசனையும் வந்தது. தலைமைப் பயிற்சி முடித்ததும் யாருக்கும் சம்பளம் ஏறிவிடுவதில்லை, அதனால் அதை அதிக நேரம் பேசவில்லை. வங்கியில் ஒரு பெரிய தொகையைப் போட்டு, அதன் வருமானத்தில் ஆண்டுதோறும் ஒருவரை அனுப்பலாம் என்பது இன்னொன்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அசல் கரையாமல் இருக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 4 அல்லது 5 சதவீதத்துக்கு மேல் எடுக்காமல் இருப்பதுதான் நல்லது. அப்படியென்றால் ஒருவருடைய செலவைப் போல 20 முதல் 25 மடங்கு பணம் முதலில் வேண்டும். அது சேரும்வரை யாரையும் அனுப்ப முடியாது. இருபது பேரை அனுப்பக்கூடிய பணத்தைப் பூட்டி வைத்துவிட்டு முதல் ஆளுக்காகக் காத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பெரிய கொடையாளர் ஒருவர் மொத்தமாகக் கொடுத்தால் அது வேறு பேச்சு.

ஆக, உண்மையான போட்டி மூன்றுக்குள்தான்: பலருக்குப் பாதிக் கட்டணம், சிலருக்கு முழுச் செலவு, பயிற்றுநரை வரவழைத்து நாமே நடத்தும் முகாம்.

முதல் ஆண்டு பாதிக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தோம். காரணங்கள் வலுவாகவே தெரிந்தன. எட்டுப் பேருக்கு வாய்ப்பு கிடைக்கும். ஆண்டறிக்கையில் எட்டுப் பெயர் இருக்கும். "தன் பணமும் கொஞ்சம் போட்டால்தான் அக்கறையோடு படிப்பார்கள்" என்று எங்களில் மூத்தவர் சொன்னார், எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

எட்டுப் பேரில் மூன்று பேர் கடைசி வாரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேரும் நன்றாகவே படித்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போனவர்கள் யார் என்று பட்டியலை எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. இருவருக்கு மீதியை அவர்கள் வேலை பார்க்கும் இடமே கட்டியது. மற்ற மூவருக்கு வீட்டில் வசதி இருந்தது. நாங்கள் கொடுக்காவிட்டாலும் அந்த ஐந்து பேரும் போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நேர்காணலில் நாங்கள் ஒன்பது பேரும் முதல் மதிப்பெண் போட்ட பெண், வராத மூவரில் ஒருவர்.

அவருக்கு நான்தான் போன் செய்தேன். வீட்டு வேலை செய்யும் பெண்களை ஒன்றுசேர்த்து, கூலி பாக்கியை எல்லாம் பேசி வாங்கிக்கொடுப்பவர். அவரும் அதே வேலைதான் பார்க்கிறார். "கட்டணத்தில் மீதியைக் கூட எங்கள் குழுவில் திரட்டிவிட்டோம் அக்கா" என்றார். "ஆறு நாள் நான் போகாவிட்டால் நான்கு வீட்டிலும் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். பயிற்சிக்கு நீங்கள் பணம் தருகிறீர்கள். நான் வீட்டில் இல்லாததற்கு யார் தருவார்கள்?" அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, சமையலுக்கு நடுவில் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் இந்த அலசல் முழுவதும் சுற்றிவருகிறேன். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், கட்டணம் போக மீதி நிற்கும் செலவை யார் சுமப்பது? போய்வரும் செலவு, கூலி இல்லாத நாட்கள், குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்ள ஆள், வெளிநாடு என்றால் விசாவும் காப்பீடும், இணைய வழி அமர்வுகள் இருந்தால் ஒழுங்காக ஓடும் ஒரு கணினி. மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு இதில் பாதி கண்ணிலேயே படாது, விடுப்பு எடுத்துக்கொண்டு போய்விடுவார். தினக்கூலிக்காரருக்குக் கட்டணத்தைவிட இதுதான் பெரிது. பாதி உதவித்தொகை கொடுத்தபோது, பணம் இருப்பவரை உள்ளே விட்டு இல்லாதவரை வெளியே நிறுத்தும் வடிகட்டியை எங்கள் கையாலேயே வைத்திருந்தோம்.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் ரோசா பார்க்ஸ். 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தவர். அதற்குச் சில மாதங்கள் முன்பு, அந்த ஆண்டுக் கோடையில், டென்னசி மாநிலத்தில், சமூகப் போராளிகளுக்குப் பயிற்சி தந்துவந்த ஹைலாண்டர் நாட்டுப்புறப் பள்ளியில் இரண்டு வாரப் பட்டறை ஒன்றில் கலந்துகொண்டார். அப்போது அவர் ஒரு பெரிய பல்பொருள் கடையில் தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டறைக்கு உதவித்தொகை வாங்கித் தந்தவர் விர்ஜினியா டர் என்ற தோழி. அதோடு நிற்கவில்லை, போய்வரப் பேருந்துக் கட்டணத்துக்கும் அவரே ஏற்பாடு செய்தார். பட்டறைதான் அந்த டிசம்பர் மாலையை உண்டாக்கியது என்று சொல்லமாட்டேன், அவர் அதற்கு முன்பே பல ஆண்டுகள் உரிமைப் போராட்டத்தில் இருந்தவர். ஆனால் கட்டணத்தோடு டிக்கெட்டையும் சேர்த்து யோசித்த ஒருவர் அங்கே இருந்தார் என்பதை எங்கள் கூட்டத்தில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பெரிய உதவித்தொகைகளையும் பாருங்கள். 1903 முதல் மாணவர்களை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பும் ரோட்ஸ் உதவித்தொகையானாலும், 1983 இல் தொடங்கிய பிரிட்டிஷ் அரசின் செவனிங் ஆனாலும், படிப்புக் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். செவனிங் விமானச் செலவையும் ஏற்கிறது. அதற்குப் பதிலாக, முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகளாவது இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. அவர்களிடம் பணம் இருக்கிறது, கொடுக்கிறார்கள் என்று தள்ளிவிடலாம்தான். கொடுக்கும் அளவை நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. எதையெல்லாம் செலவு என்று எண்ணுகிறார்கள் என்பதை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டு முழுச் செலவுக்கு மாறினோம். எட்டுப் பேர் இரண்டு பேரானார்கள். கட்டணம், பயணம், இழக்கும் கூலி, வீட்டில் மாற்று ஆளுக்கான பணம் என்று நான்கு தலைப்பில் ஒதுக்கினோம். இங்கேயும் ஒரு தவறு செய்தோம். ரசீது கொண்டுவந்தால் பணம் தருகிறோம் என்றோம். கையிலிருந்து முன்கூட்டியே செலவழிக்க முடிந்தவர்தான் ரசீது கொண்டுவர முடியும் என்பது ஒருவர் கடன் வாங்கிக்கொண்டு கிளம்பியபோதுதான் தெரிந்தது. இப்போது கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே பணம் கைக்குப் போய்விடுகிறது. கூலிக்கும் பராமரிப்புக்கும் ரசீது கேட்பதில்லை. யாராவது ஏமாற்றினால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. இதுவரை நடக்கவில்லை, ஆனால் நாங்கள் அனுப்பியவர்களும் சிலர்தான்.

பயிற்சி நடத்தும் இடத்தோடு முன்பே பேசிவிடுவதும் முக்கியம். ஓர் இடத்தில், நாங்கள் பணம் தருகிறோம் என்று தெரிந்ததும், அவர்கள் அந்த மாணவருக்குத் தர இருந்த சலுகையைக் குறைத்துக்கொண்டார்கள். எங்கள் பணம் அவருக்குப் போகாமல் அவர்கள் கணக்கைத்தான் நிரப்பியது. அமெரிக்கக் கல்லூரிகளில் இது பழைய சிக்கல், மேரிலாந்து மாநிலம் 2017 இல் தன் அரசுக் கல்லூரிகளுக்கு இதைக் கட்டுப்படுத்திச் சட்டமே போட்டது. நமக்குச் சட்டமெல்லாம் வேண்டாம். "உங்கள் சலுகை அப்படியே இருக்குமா, எழுதித் தாருங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் போதும்.

முழுச் செலவு வழியில் உண்மையான பலவீனம் ஒன்று உண்டு. எட்டுப் பேரில் ஒரு தேர்வு பிசகினால் தாங்கலாம், இரண்டில் பிசகினால் அந்த ஆண்டே பாதி போனது. இன்னொன்று, தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிறவர் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறார். படித்துவிட்டு வந்து கூட்டத்தில் ஏதாவது புதிதாகச் சொன்னால், "ஆறு நாள் போய்வந்ததும் பெரிய ஆளாகிவிட்டாயா" என்கிற பார்வைதான் முதலில் கிடைக்கும். இதற்கு மருந்தை அமெரிக்காவின் பாஸி அறக்கட்டளையிடமிருந்து எடுத்துக்கொண்டோம். 1989 முதல் அவர்கள் மாணவர்களைப் பத்துப் பேர் அளவிலான குழுவாகவே ஒரே கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். கூட்டாளிகள் உடன் இருந்திருந்தால் கல்லூரியை விட்டு நின்றிருக்க மாட்டேன் என்று ஒரு மாணவர் சொன்னதிலிருந்து பிறந்த யோசனை அது. எங்களால் பத்துப் பேரை அனுப்ப முடியாது. ஒரே குழுவிலிருந்து இருவரை ஒரே பயிற்சிக்கு அனுப்புகிறோம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் "ஆமாம், அங்கே அப்படித்தான் செய்து பார்த்தோம்" என்று சொன்னால் கூட்டத்தின் முகம் மாறுகிறது, அதை நான் நேரிலேயே பார்த்தேன்.

அப்புறம், நாமே நடத்தும் முகாம். இதை மட்டம் தட்ட எனக்கு மனமில்லை. யாரும் வீட்டைவிட்டு நாள்கணக்கில் போக வேண்டாம், மாலையில் வைத்தால் கூலியும் போகாது. மீதிச் செலவு என்ற என் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இதுதான் ஜெயிக்கும். அதே ஹைலாண்டர் பள்ளியின் துணையோடு 1957 இல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் தொடங்கிய குடியுரிமைப் பள்ளியும் இப்படித்தான், மக்கள் இருக்கும் இடத்துக்கே போனது. அதன் முதல் ஆசிரியர் பெர்னிஸ் ராபின்சன், அழகுக்கலைத் தொழில் செய்தவர். வாக்காளராகப் பதிவுசெய்யத் தேவையான எழுத்தறிவை அங்கே கறுப்பினப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த முறை பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவியது.

நாங்கள் ஒரே ஒருமுறை, இரண்டு நாள் மட்டும் நடத்தினோம். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். ஆனால் முதல் நாள் மதியமே பாதிப் பேர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள், வேலையும் வீடும் பத்து நிமிடத் தொலைவில் இருந்தால் அப்படித்தான் ஆகும். வேறு ஊர்க்காரர்களைச் சந்திக்கும் வாய்ப்பும் இல்லை. பயிற்றுநர் தேர்வில் நாங்கள் கோட்டைவிட்டோமா, அல்லது இந்த வடிவமே இரண்டு நாளில் பலன் தராதா என்று ஒரு முகாமை வைத்து என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆண்டு முழுவதும் வாரம் ஒரு மாலை என்று யாராவது நடத்தியிருந்தால் அவர்கள் சொல்வதை என் பேச்சைவிட மேலாக எடுத்துக்கொள்ளுங்கள். அதேபோல, போய்வந்தவர்கள் ஐந்தாறு ஆண்டு கழித்து எங்கே நிற்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. நாங்கள் தொடங்கியே மூன்று ஆண்டுதான் ஆகிறது.

இந்த ஆண்டு விண்ணப்பத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தோம்: "நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் வேலையையும் வீட்டையும் யார் பார்ப்பார்கள், அதற்கு என்ன செலவாகும்?" முதல் ஆண்டு வர முடியாமல்போன அந்தப் பெண் மறுபடி விண்ணப்பித்திருந்தார், தன் குழுவைச் சேர்ந்த இன்னொருவரோடு. அந்தக் கேள்விக்குக் கீழே நான்கு வரி எழுதியிருந்தார். நான்கு வீட்டுக்கும் மாற்றாகப் போகிறவரின் பெயர், அவருக்குத் தர வேண்டிய கூலி. அம்மாவோடு இரவு தங்குகிறவரின் பெயர், அவருக்குத் தர வேண்டியது. கடைசி வரியில், இந்த இருவருக்கும் பணத்தை நேராகக் கொடுத்துவிடுங்கள் அக்கா, என் கைக்கு வேண்டாம் என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார்.