ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் போகாம டிக்கெட் எழுதியே இங்கிலீஷ் பழகினது – என் அனுபவம்

பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், காலேஜ்ல புக்கு மட்டும் இங்கிலீஷ், கிளாஸ் நடத்தினது தமிழ்லதான். இந்த லட்சணத்தோட சென்னைல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி சப்போர்ட் டீம்ல சேந்து, வெளிநாட்டு கஸ்டமருக்கு தினமும் டிக்கெட் (கஸ்டமர் அனுப்பற புகாரும் அதுக்கு நாம எழுதற பதிலும்தான்) எழுதி வருஷக்கணக்காச்சு. ஊர்ப்பக்கம் தம்பி தங்கச்சிங்க "எந்த கிளாஸ் போனீங்கண்ணா"ன்னு கேட்டுட்டே இருக்காங்க. எதுக்கும் போகல. எது உதவுச்சு எது வெட்டின்னு ஒரே இடத்துல எழுதிட்டா லிங்க்கை அனுப்பிடலாம்னுதான் இது.

இருக்கறதுலயே பெரிய வாத்தியார் டிக்கெட்தான். கஸ்டமருக்கு உங்க கிராமர் பத்தி ஒரு கவலையும் கிடையாது, அவருக்கு லாகின் ஆகணும், அவ்ளோதான். நீங்க எழுதினது புரியலன்னா திரும்ப கேப்பாரு, நீங்க இன்னொரு தடவை வேற மாதிரி எழுதணும், அந்த இன்னொரு தடவைலதான் மொழி ஏறும். நம்ம ஆளுங்க எழுதறதுல ஒரு பேட்டர்ன் இருக்கு. "நேத்து சர்வர் அப்டேட் பண்ணாங்க, அதுக்கப்புறம் சில பேருக்கு இந்த எரர் வருது, நாங்களும் செக் பண்ணிட்டோம், அதனால உங்க லாக் ஃபைல் வேணும்"னு காரணத்தை எல்லாம் வரிசையா அடுக்கிட்டு விஷயத்தை கடைசில வைப்போம். தமிழ்ல அப்படித்தானே பேசறோம், வினைச்சொல்லே கடைசிலதான வருது. அங்க ஆளு முதல் ரெண்டு வரியைத்தான் படிக்கறாரு. எங்க டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க, யார் டிராஃப்ட் காமிச்சாலும் கடைசி வரியை கட் பண்ணி மேல ஒட்டிட்டு "இப்ப அனுப்பு"ம்பாங்க. கிராமர் பக்கமே போக மாட்டாங்க. அது ஒண்ணுலயே திரும்ப திரும்ப வர்ற ரிப்ளை நல்லா குறைஞ்சுது.

அந்த அக்கா ரிப்ளைல நல்லா இருந்த வாக்கியத்தை எல்லாம் ஒரு நோட்பேட்ல சேத்து வச்சு ஈயடிச்சான் காப்பியா யூஸ் பண்ணிருக்கேன். வெக்கப்பட ஒண்ணுமில்ல, குழந்தைங்களும் அப்படித்தான் பேசக் கத்துக்குது.

அடுத்து ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. புரோகிராம் எழுதறவங்க கேள்வி கேட்டு பதில் வாங்கற, 2008ல வந்த சைட்டு, கோடு காப்பி பண்ணத்தான் எல்லாரும் போவோம். ஆனா இங்கிலீஷுக்கு அங்க ஒரு புதையல் இருக்கு, நம்ம கேள்வியை யார் வேணா எடிட் பண்ணலாம்ங்கறதுதான் அது. கேள்விக்கு கீழ "எடிட்டட்"னு நேரத்தோட ஒரு சின்ன லிங்க் வரும், அதை அமுக்கினா எடுத்தது சிவப்புலயும் சேத்தது பச்சைலயும் தெரியும். என் முதல் கேள்வில "ஹாய் ஆல்"லாம் சிவப்பு, கடைசில போட்ட "தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்"ஸும் சிவப்பு, அங்க மரியாதை வார்த்தையை எல்லாம் எடுத்துடறதுதான் வழக்கமாம். நடுவுல ஒரு "தி"யும் ரெண்டு "ஏ"வும் மட்டும் பச்சை. தமிழ்ல இல்லாத சமாச்சாரம் இந்த ஆர்ட்டிகிள்தான், அதை எந்த கிராமர் புக்கும் எனக்கு இவ்ளோ தெளிவா காட்டல, ஏன்னா இது என் சொந்த வாக்கியம்.

அப்புறம் நானே அடுத்தவங்க கேள்வியைத் திருத்த ஆரம்பிச்சேன். அந்த சைட்ல நமக்கு பாயிண்ட் சேரும், 2000 பாயிண்ட் வர்ற வரைக்கும் நம்ம எடிட் ரிவ்யூக்குப் போகும், ஏத்துக்கிட்டா 2 பாயிண்ட். படிக்க கொஞ்சம்கூட ஈஸியாகலன்னு காரணம் போட்டு ரிஜெக்ட்டும் பண்ணுவாங்க. வியட்நாம்காரரோ பிரேசில்காரரோ எழுதின இங்கிலீஷைத் திருத்த உக்காந்தா, "இவரு என்ன சொல்ல வர்றாரு"ன்னு யோசிக்க வேண்டியிருக்கு பாருங்க, அந்த யோசனைக்கு நூறு ஒர்க்ஷீட் ஈடாகாது.

கிராமர் சந்தேகத்துக்குன்னே அதே நெட்வொர்க்ல 2013ல கத்துக்கறவங்களுக்குத் தனியா ஒரு சைட்டு ஆரம்பிச்சாங்க, இங்கிலீஷ் லாங்குவேஜ் லேர்னர்ஸ்னு. 2010லயே வந்த இன்னொண்ணு, இங்கிலீஷ் லாங்குவேஜ் அண்ட் யூசேஜ்னு, மொழியியல் ஆளுங்களுக்கு, அங்க போய் மாட்டிக்காதீங்க. லேர்னர்ஸ் சைட்ல "இந்தப் பாராவைத் திருத்திக் குடுங்க"ன்னு போட்டா கேள்வியை மூடிடுவாங்க. எந்த இடத்துல என்ன சந்தேகம், டிக்ஷனரில ஏற்கனவே என்ன பாத்தீங்கன்னு சொல்லணும். பாதி நேரம் கேள்வியை டைப் பண்றப்பவே பதில் கெடச்சுடும்.

சிம்பிள் இங்கிலீஷ் விக்கிப்பீடியா பத்தி யாரும் சொல்றதே இல்ல, அதான் எனக்கு ஆச்சரியம். சின்ன வாக்கியம், ஈஸியான வார்த்தைன்னு அங்க விதியே வச்சிருக்காங்க. சார்லஸ் ஆக்டன் 1930ல 850 வார்த்தையை வச்சு ஒரு பேசிக் இங்கிலீஷ் உருவாக்கினாரு, அந்த லிஸ்டைத்தான் எழுதறவங்களுக்கும் கைகாட்டறாங்க. தெரிஞ்ச தலைப்புல ஒரு பத்தி எழுதிப் பாருங்க, பெரிய வார்த்தை போட்டா அறிவாளின்னு நெனப்பாங்கங்கற வியாதி தானா போயிடும். ஒரு நாள்கூட விடாம வர்ற கணக்கை (ஸ்ட்ரீக்) காப்பாத்தச் சொல்லி நச்சரிக்கற ஆப்பெல்லாம் ஆரம்பத்துக்கு ஓகே, அதுக்கு மேல வேணாம்.

இப்ப கசப்பான விஷயம். இவ்ளோ எழுதியும் பேச்சு தானா வரவே இல்ல. எழுதறது வேற டிபார்ட்மெண்ட், பேசறது வேற டிபார்ட்மெண்ட். எனக்கு வாய் திறந்தது போலந்து டீமோடயும் பிலிப்பைன்ஸ் டீமோடயும் வீடியோ கால்ல உக்காந்தப்பதான், அவங்களுக்கும் அது ரெண்டாவது மொழி, ரெண்டு பக்கமும் தடவித் தடவித்தான் பேசுவோம், பயம் இல்ல. வீடியோ கால்ல லைவ் கேப்ஷனைப் (பேசறது எழுத்தா ஓடறது) போட்டுக்கோங்க, நம்ம பேச்சு மெஷினுக்கு எப்படிக் கேக்குதுன்னு தெரிஞ்சுடும். 15ன்னு சொன்னா 50ன்னு விழும். 15ல பின்பாதியை அழுத்தணும், 50ல முன்பாதியை அழுத்தணும், நாம எல்லாத்தையும் ஒரே தட்டையா சொல்லுவோம். எங்க டீம்ல எல்லாருமே "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்"னு சேத்துதான் சொல்றாங்க. காதுக்கு 1959ல விஓஏ (வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோ) ஆரம்பிச்ச ஸ்பெஷல் இங்கிலீஷ் மாதிரி மெதுவா வாசிக்கற செய்தி நல்ல ஆரம்பம், ஆனா அதுலயே தங்கிட்டா நெஜ கஸ்டமர் பேசறப்ப ஒண்ணும் புரியாது.

புதுசா சேர்ற பசங்க ஏஐ கிட்ட தமிழ்ல சொல்லி இங்கிலீஷ்ல வாங்கி ஒட்டிடறாங்க. டிக்கெட் பளபளன்னு இருக்கு, கால் வந்தா மியூட்லயே இருக்காங்க. நானும் யூஸ் பண்றேன், இல்லன்னு சொல்லல, ஆனா முதல்ல நானா எழுதிட்டு "திருத்தாத, தப்பு எங்கன்னு மட்டும் சொல்லு"ன்னு கேப்பேன்.

இன்னும் ஓட்டையா இருக்கறது ஒண்ணு உண்டு, மீட்டிங்ல வெளிநாட்டுக்காரங்க அடிக்கற ஜோக்கு. எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம்தான் எனக்கு வெளங்குது. நைட் ஷிஃப்ட்காரங்க நேரத்துக்கு ஏத்த மாதிரி, இன்பாக்ஸ்ல வந்து வழியாத ஆளுங்க இருக்கற, இங்கிலீஷ் பேசிப் பழக டிஸ்கார்ட் ஆப்ல வாய்ஸ் ரூம் ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க.